முதன்மை டொமைனை மாற்றுதல்: ஒரு சிபேனல் கணக்கின் நிகழ்வு ஆய்வு

தளம் உடைந்தால் ஐந்து நிமிடத்தில் யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். மின்னஞ்சல் உடைந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல நினைத்தவர் அனுப்பிய மெயில்தான் வந்து சேரவில்லையே. ஹோஸ்டிங் கணக்கின் முதன்மை டொமைனை, அதாவது கணக்கு நிற்கும் மூலப் பெயரை, மாற்றுபவர்கள் பெரும்பாலும் தளத்துக்கு ஒரு வாரம் திட்டமிடுகிறார்கள், மெயிலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். சேதம் வருவதோ மெயில் பக்கமிருந்துதான்.

கணக்கு எப்படி இருந்தது

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு கடையின் ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் ஒரே சர்வரைப் பகிர்வது) கணக்கு. இந்த வகைக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை இந்த ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கிறோம். டொமைன்கள் பழையகடை.காம், புதுக்கடை.காம் என்று இருக்கட்டும்.

சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் வலைப் பேனல்) கணக்கு ஒன்று. அதில் வூகாமர்ஸ் என்ற கடை பிளகின் போட்ட வேர்ட்பிரஸ் தளம். அதே சர்வரில் 14 மெயில் பாக்ஸ்கள். பில் அனுப்ப ஒரு துணை டொமைன். புதுக்கடை.காம் வாங்கிய அன்றே அதை ஆட்-ஆன் டொமைனாக (அதே கணக்கில் தனி ஃபோல்டரோடு நிற்பது) சேர்த்து, "விரைவில்" என்று ஒரு பக்கமும் வைத்து, அதில் ஒரு மெயில் பாக்ஸும் திறந்திருக்கிறார்கள். ஆர்வத்தில் செய்கிற இந்தக் கடைசி வேலைதான் பின்னால் முதல் முட்டுக்கட்டை.

சிபேனலில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு முதன்மை டொமைன் உண்டு. அதன் கோப்புகள் பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரில் இருக்கும். மற்றவை ஆட்-ஆன், அலையஸ், துணை டொமைன் என்று அதைச் சார்ந்தே நிற்கும். அலையஸ் என்பது அதே தளத்துக்கு இன்னொரு பெயர். அதைப் பழைய ஆட்கள் இன்றும் பார்க்டு டொமைன் என்பார்கள். முதன்மை டொமைனைக் கணக்கு வைத்திருப்பவரால் சிபேனலுக்குள்ளிருந்து மாற்ற முடியாது. சர்வர் நிர்வாகப் பேனலான டபிள்யூஎச்எம்மில் அணுகல் உள்ள ரீசெல்லரோ (ஹோஸ்டிங்கை வாங்கி மறுவிற்பனை செய்பவர்) ஹோஸ்டிங் நிறுவனமோதான் 'மாடிஃபை அன் அக்கவுன்ட்' பக்கத்தில் மாற்ற வேண்டும். பிளெஸ்க், டைரக்ட்அட்மின் என்ற வேறு பேனல்கள் இரண்டிலும் பயனரே டொமைன் பெயரை மாற்ற வழி இருக்கிறது. சிபேனலில் ஹோஸ்டிங் ஆதரவுக்கு டிக்கெட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

உண்மையில் மாற்றத்தான் வேண்டுமா

டிக்கெட் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வி இது. புதுக்கடை.காமை அலையஸாகச் சேர்த்து, வேர்ட்பிரஸின் முகவரியை மட்டும் புதிதாக மாற்றினால், தளத்துக்கு வருபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அலையஸும் முதன்மை டொமைனும் ஒரே ஃபோல்டரைத்தான் காட்டுகின்றன. முதன்மைப் பெயர் என்பது பெரும்பாலும் கணக்குக்கு வெளியே தெரியாத ஒரு சீட்டு. தளம் மட்டும் புதுப் பெயரில் வந்தால் போதும் என்பவர்களுக்கு அலையஸே சரியான விடை. இதைச் சொல்லாமல் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளும் ஹோஸ்டிங் ஆதரவு மீது எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு.

மாற்றியே தீர வேண்டிய காரணங்கள் மூன்று. 14 மெயில் பாக்ஸும் பழைய கடிதங்களோடு அப்படியே புதுப் பெயருக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. பழைய டொமைன் கைமாறப் போகிறது, அது கணக்கின் தலைப்பில் இருக்கக் கூடாது என்பது இரண்டு. துணை டொமைன்கள் புதுப் பெயரின் கீழ் வர வேண்டும் என்பது மூன்று. இந்தக் கடைக்கு முதல் காரணம் இருந்தது, ஆகவே மாற்றம்தான்.

இன்னொரு முடிவும் இங்கேயே எடுக்க வேண்டும். 'மாடிஃபை' பக்கத்தில் டொமைன் கட்டத்துக்குப் பக்கத்திலேயே யூசர்நேம் கட்டமும் இருக்கும். யூசர்நேம் பழைய டொமைனின் முதல் எழுத்துகளிலிருந்து வந்தது என்பதால் அதையும் மாற்றிவிடலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். யூசர்நேம் மாறினால் ஹோம் ஃபோல்டரின் பாதை மாறும். கிரான் வேலைகளிலும் (குறித்த நேரத்தில் தானே ஓடுபவை) கேஷ் பிளகின்களிலும் கட்டமைப்புக் கோப்புகளிலும் முழுப் பாதை எழுதியிருந்த இடமெல்லாம் உடையும். டேட்டாபேஸ் பெயர்களின் முன்னொட்டும் குழம்பலாம். டொமைன் மட்டும் மாறினால் பாதை ஒன்றும் மாறாது. வெளியே யாரும் பார்க்காத ஒரு பெயருக்காக இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

ஒரு வாரம் முன்

முதலில் பேக்கப். சிபேனலின் முழு பேக்கப்பை எடுத்து, சர்வரிலிருந்து இறக்கி, கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அது போதாது. டிஎன்எஸ் ஜோனை, அதாவது டொமைன் பெயர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகளின் தொகுப்பை, தனியாக ஒரு உரைக் கோப்பில் நகலெடுக்க வேண்டும். முதன்மைப் பெயர் மாறும்போது பழைய டொமைனின் ஜோன் சர்வரிலிருந்து போய்விடும். பிறகு அதை அலையஸாகச் சேர்க்கும்போது வருவது வார்ப்புருவிலிருந்து பிறக்கும் புது ஜோன். நீங்கள் கையால் சேர்த்திருந்த கூகுள் சரிபார்ப்பு, செய்திமடல் சேவையின் சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டுவது), எஸ்பிஎஃப்-இல் (எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) சேர்த்த கூடுதல் வரி எதுவும் அதில் இருக்காது.

அடுத்தது புது டொமைனின் பதிவு நிலை. டாட் காம் போன்ற பொது டொமைன்களை வாங்கியதும் உரிமையாளரின் மெயிலுக்கு ஒரு சரிபார்ப்பு இணைப்பு வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பதிவாளர் டொமைனை நிறுத்திவைப்பார். மாற்றம் நடந்து பத்தாம் நாள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கையில் தளமும் மெயிலும் ஒருசேரச் செத்தால், சர்வரில் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள். டொமைன் வேறு நிறுவனத்தில் வாங்கியது என்பதற்காக அதை ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றிக் கொண்டுவரத் தேவையில்லை; டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைத் தரும் நேம்சர்வரைத் திருப்பினால் போதும்.

நேம்சர்வர் மாற்றத்தை முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. டாட் காம் பதிவகத்தில் நேம்சர்வர் பதிவின் ஆயுள் (மற்றவர்கள் அதன் நகலை வைத்திருக்கும் நேரம்) 1,72,800 விநாடி, அதாவது 48 மணி நேரம். கடைசி இரவில் மாற்றிவிட்டு "ஏன் இன்னும் வரவில்லை" என்று புதுப்பித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சிபேனல் ஜோனில் சாதாரணப் பதிவுகளின் ஆயுள் வழக்கமாக 14,400 விநாடி, அதாவது 4 மணி நேரம். இரண்டு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால், பிழை ஏதும் வந்தால் திருத்தம் ஐந்து நிமிடத்தில் பரவும். அன்று இரவு குறைத்தால் பலனில்லை. பழைய 4 மணி நேரத்தைத் தாங்கிய நகல்கள் ஏற்கெனவே வெளியே போயிருக்கும்.

பிறகு ஆட்-ஆன் முட்டுக்கட்டை. ஒரு டொமைன் ஏற்கெனவே சர்வரில் ஏதோ ஒரு வடிவில் இருந்தால், அதை இன்னொரு கணக்குக்கு முதன்மையாக வைக்க டபிள்யூஎச்எம் மறுக்கும். அதே கணக்கில் ஆட்-ஆனாக இருந்தாலும் மறுக்கும். ஆகவே புதுக்கடை.காமை முதலில் ஆட்-ஆன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கூடவே பின்னால் உருவாகியிருந்த புதுக்கடை.பழையகடை.காம் என்ற துணை டொமைன் எஞ்சியிருந்தால் அதையும் நீக்க வேண்டும். அதில் திறந்த மெயில் பாக்ஸில் கடிதம் வந்திருந்தால், நீக்குவதற்கு முன் ஐமேப் (கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக வேறு பாக்ஸுக்கு இழுத்துவிடுங்கள். மாற்றத்தின்போது சிபேனல் ஹோம் ஃபோல்டரில் உள்ள பழையகடை.காம் மெயில் ஃபோல்டரைப் புதுக்கடை.காம் என்று பெயர் மாற்றும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தால் இரண்டும் மோதும். பழைய ஃபோல்டர் மிச்சமிருந்தால் வேறு பெயருக்கு மாற்றி ஒதுக்கிவைப்பதே பாதுகாப்பு.

கணக்கின் தொடர்பு மெயில் முகவரியையும் பார்க்க வேண்டும். அது பழையகடை.காம் முகவரியாக இருந்தால், மாற்றத்தின்போது ஏதாவது தவறினால் ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கை தவறிய பெட்டிக்கே போகும். டொமைன் பதிவாளரிடம் கொடுத்த முகவரிக்கும் இதே கதை. இரண்டையும் இந்த டொமைன்களைச் சாராத ஒரு முகவரிக்கு மாற்றிவைக்க வேண்டும்.

மாற்றும் இரவு

வேலை வரிசை முக்கியம். முதன்மை டொமைனை மாற்றுவது டபிள்யூஎச்எம்மில் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு பழையகடை.காம் என்ற பெயரையே சர்வருக்குத் தெரியாது. அந்தப் பெயருக்கு வரும் மெயிலைச் சர்வரின் மெயில் மென்பொருளான எக்சிம் என்ன செய்யும்? "ரிலே செய்ய அனுமதி இல்லை" என்று 550 வகைப் பிழையோடு திருப்பி அனுப்பும். இது நிரந்தர மறுப்பு. 4 எனத் தொடங்கும் தற்காலிகப் பிழையாக இருந்தால், அல்லது சர்வரே பதில் சொல்லாவிட்டால், அனுப்பும் பக்கம் வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள் வரை மீண்டும் முயலும். 550 வந்தால் அப்போதே கைவிட்டு, அனுப்பியவருக்குத் திரும்பிவிடும்.

ஆகவே பழைய டொமைன் காணாமல்போவதற்கும் அதை அலையஸாகத் திரும்பச் சேர்ப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் இந்த முழு வேலையில் அபாயமான நேரம். சொந்த விபிஎஸ் (மெய்நிகர் தனிச் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு: அந்தப் பத்து நிமிடம் எக்சிம்மை நிறுத்திவையுங்கள். இணைப்பே கிடைக்காத சர்வர்கள் காத்திருந்து மறுபடி வரும். ஒரு கடிதமும் தொலையாது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் மெயில் பாதுகாப்பு என்றுதான் தோன்றும், இங்கே கணக்கு நேர் எதிர். ஷேர்டு ஹோஸ்டிங்கில் நிறுத்த முடியாது. அதனால் டிக்கெட்டிலேயே தெளிவாக எழுத வேண்டும்: "முதன்மை டொமைனை மாற்றிய உடனே, அதே அமர்வில், பழைய டொமைனை அலையஸாகச் சேர்க்கவும்." இதை எழுதாவிட்டால் ஆதரவு ஊழியர் முதல் பாதியைச் செய்துவிட்டு "முடிந்தது" என்று டிக்கெட்டை மூடிவிடுவார். நீங்கள் காலையில் எழுந்து அலையஸ் சேர்க்கும்வரை எட்டு மணி நேர மெயில் திரும்பிக்கொண்டிருக்கும்.

அலையஸ் சேர்த்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. அலையஸ் தளத்தின் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். மெயில் பாக்ஸ்களைத் தானாகப் பகிர்ந்துகொள்ளாது. சிபேனலில் ஃபார்வர்டர்ஸ் பக்கத்தில், தனி முகவரிக்கு அல்லாமல் முழு டொமைனுக்கும் ஃபார்வர்டர் வைக்கும் பகுதி உண்டு. அதில் பழையகடை.காமுக்கு வரும் அனைத்தையும் புதுக்கடை.காமுக்குத் திருப்ப வேண்டும். @ குறிக்கு முன்னால் இருப்பது அப்படியே நிற்கும். விற்பனை முகவரிக்கு வந்தது விற்பனை முகவரிக்கே போகும். இரண்டும் ஒரே சர்வரில் இருப்பதால் எஸ்பிஎஃப் சிக்கல் இதில் வராது. உடனே வெளியிலிருக்கும் ஒரு முகவரியிலிருந்து பழைய முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். அதே சர்வரின் வெப்மெயிலிலிருந்து அனுப்பிப் பார்ப்பது சோதனையே அல்ல.

இதற்குப் பிறகு, எச்டிடிபிஎஸ் சான்றிதழை வாங்கித் தரும் ஆட்டோஎஸ்எஸ்எல்லைக் கையால் ஓடவிட வேண்டும். புது டொமைனுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பழைய டொமைனுக்கும் வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். பழைய எச்டிடிபிஎஸ் முகவரியை அழுத்துபவரின் பிரவுசர் முதலில் சான்றிதழைச் சரிபார்க்கிறது. அது தேறிய பிறகே "அங்கே போ" என்ற ரீடைரக்டைப் படிக்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பார்ப்பது சிவப்பு எச்சரிக்கைப் பக்கம்தான். பழைய தளம் எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வா என்ற கட்டளை) அனுப்பியிருந்தால், "பரவாயில்லை, தொடர்" என்ற பொத்தான்கூட வராது.

சான்றிதழ் வராவிட்டால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. பழைய ஹோஸ்டிங்கைக் காட்டும் ஐபிவி6 பதிவு ஜோனில் எஞ்சியிருக்கலாம். அல்லது வேறு நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி தரும் சிஏஏ பதிவு இருக்கலாம். காரணம் தெரியாமல் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு பெயருக்கு மணிக்கு 5 தோல்விவரைதான் பொறுக்கும். அதற்கு மேல் சற்று நேரம் கதவை மூடிவிடும்.

டேட்டாபேஸ்

வேர்ட்பிரஸில் தள முகவரி ஆப்ஷன்ஸ் அட்டவணையில் இரண்டு வரியில் இருக்கிறது. அவற்றை மாற்றினால் முகப்பு வரும். ஆனால் பதிவுகள், பட இணைப்புகள், விட்ஜெட்கள், தீம் அமைப்புகள் எல்லாவற்றிலும் பழைய பெயர் இருக்கும். டேட்டாபேஸ் கருவியான பிஎச்பிமைஅட்மினைத் திறந்து ரீப்ளேஸ் கட்டளையை ஓடவிடுவதுதான் இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் விபத்து.

வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை சீரியலைஸ் செய்து சேமிக்கிறது; அதாவது ஒரே வரியாகக் கோத்து, ஒவ்வொரு எழுத்துத் தொடருக்கும் முன்னால் அதன் நீளத்தையும் எழுதிவைக்கிறது. எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு பழையகடை.காம் முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதினால் 25 எழுத்து என்று வைத்துக்கொள்வோம், புதுக்கடை.காம் 23. நேரடி ரீப்ளேஸ் முகவரியை மாற்றும், முன்னால் உள்ள 25 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடும். பிஎச்பி 25 எழுத்தை எண்ணிப் பார்க்கும், 23-இல் முடிந்துவிட்டது என்று கண்டு, அந்த அமைப்பு முழுவதையும் குப்பை என்று ஒதுக்கும். விட்ஜெட் மறைவதும், தீம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்புவதும் இதனால்தான். பிழைச் செய்தி எதுவும் வராது.

வேர்ட்பிரஸின் கட்டளை வரிக் கருவியான டபிள்யூபி சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை இந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். முதலில் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) வைத்து ஓடவிட்டு எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள். ஜியுஐடி நெடுவரிசையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அது முகவரி போலத் தெரியும் அடையாள எண், மாறினால் ஃபீட் படிப்பவர்களுக்குப் பழைய பதிவுகள் எல்லாம் புதிதாக வந்ததுபோல் தோன்றும். பிளகின்கள் தனியாக வைத்த அட்டவணைகளும் அடங்க, எல்லா அட்டவணைகளையும் தேடச் சொல்லும் விருப்பத்தையும் சேருங்கள்.

எதைத் தேடுவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெறும் பழையகடை.காம் என்று தேடினால் வாடிக்கையாளர் குறிப்புகளிலும் பழைய ஆர்டர்களிலும் உள்ள மெயில் முகவரிகளும் மாறும். இரண்டு சாய்கோடோடு சேர்த்துத் தேடினால் இணைப்புகள் மட்டும் மாறும். டபிள்யூடபிள்யூடபிள்யூ ஒட்டிய வடிவத்துக்கு இன்னொரு முறை. பிறகு ஜேசன் என்ற தரவு வடிவம்: எலிமென்டர் போன்ற பக்கம் கட்டும் பிளகின்கள் ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வைத்துச் சேமிக்கும். முதல் தேடலில் அவை சிக்காது. அந்த வடிவத்துக்கு மூன்றாவது முறை ஓடவிட வேண்டும். எலிமென்டருக்குள்ளேயே முகவரி மாற்றும் கருவி இருக்கிறது. அதை ஓட்டிய பின் அதன் சிஎஸ்எஸ் கோப்புகளையும் மறுபடி உருவாக்க வேண்டும், இல்லையேல் பின்னணிப் படங்கள் பழைய முகவரியிலிருந்தே வரும்.

கட்டளை வரி கிடைக்காத ஷேர்டு கணக்கில் இதே வேலையைச் செய்யும் பிளகின்கள் உண்டு. மல்டிசைட் (ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள்) என்றால் கட்டமைப்புக் கோப்பில் உள்ள டொமைன் வரியையும், சைட், பிளாக்ஸ் அட்டவணைகளையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ரீடைரக்ட்

பழைய டொமைனுக்கு வரும் ஒவ்வொரு முகவரியும் அதே பாதையோடு புது டொமைனுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் புது முகப்புக்குத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். தேடுபொறி அதை நடைமுறையில் "பக்கம் இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். வெப் சர்வருக்கான விதிகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் ஹோஸ்ட் பெயர் பழையதாக இருந்தால் மட்டும் வேலை செய்யும் நிபந்தனையும், பாதையைச் சுமந்து செல்லும் விதியும் போதும். அது வேர்ட்பிரஸ் எழுதிய பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் வேர்ட்பிரஸின் விதி முந்திக்கொள்ளும். அதன் பகுதிக்குள்ளேயே வைத்தால் அடுத்த முறை பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி) அமைப்பைச் சேமிக்கும்போது அழிந்துவிடும். சான்றிதழ் சரிபார்ப்புக்கான வெல்-நோன் ஃபோல்டரை விதியிலிருந்து விலக்கி வையுங்கள்.

"வேர்ட்பிரஸே திருப்பிவிடுகிறதே" என்று சிலர் இந்த விதியை எழுதாமல் விடுவார்கள். பக்கங்களை அது திருப்பும். ஆனால் படமும் பிடிஎஃப் விலைப்பட்டியலும் வேர்ட்பிரஸைத் தொடாமல் நேராக வெப் சர்வரான அப்பாச்சியிலிருந்து போகின்றன. அவை பழைய பெயரிலேயே கிடைத்துக்கொண்டிருக்கும்.

முதல் நாள் 302 (தற்காலிக ரீடைரக்ட்), எல்லாம் சரி என்று உறுதியானதும் 301 (நிரந்தர ரீடைரக்ட்). பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான 301-ஐ நீங்கள் சர்வரில் திருத்தினாலும் ஏற்கெனவே வந்துபோனவரின் கணினியில் அது வாழ்ந்துகொண்டிருக்கும்.

மறுநாள் காலை என்னென்ன உடையும்

அலுவலகத்தில் தளம் திறக்காது. வெளியே எல்லாருக்கும் திறக்கும். இந்த வகை மாற்றத்தில் மிகவும் குழப்பும் அறிகுறி இது. காரணம் மெயில்தான். 14 பேரின் அவுட்லுக்கும் போன்களும் பழைய யூசர்நேமோடு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வர முயல்கின்றன. மெயில் பாக்ஸின் பெயர் புது டொமைனுக்கு மாறிவிட்டது. பாஸ்வேர்டு அதேதான், ஆனால் பழைய பெயரில் ஆளே இல்லை. ஃபார்வர்டர் கடிதத்தைத் திருப்பும், லாகினைத் திருப்பாது. இத்தனை தோல்விகளைப் பார்த்த சர்வரின் ஃபயர்வால், யாரோ பாஸ்வேர்டை உடைக்க முயல்கிறார்கள் என்று எண்ணி அலுவலகத்தின் ஐபியையே தடுத்துவிடுகிறது. ஒரே ஐபிக்குப் பின்னால் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் தளம், மெயில், சிபேனல் மூன்றும் போய்விடும். போன் ஹாட்ஸ்பாட்டில் தளம் திறந்தால் நோய் இதுதான். ஐபியை விடுவிக்கச் சொன்னால் மட்டும் போதாது. கருவிகளில் பழைய கணக்கை நிறுத்தாவிட்டால் சிறிது நேரத்தில் மறுபடி தடுக்கும். மாற்றும் இரவுக்கு முன்பே ஊழியர்களிடம் காலையில் செய்ய வேண்டியதை அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள், மெயிலில் அல்ல.

கருவியில் பழைய கணக்கைத் திருத்துவதைவிடப் புதுக் கணக்காகச் சேர்ப்பது சுலபம். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரிலிருந்து மீண்டும் இறங்கும். பாப்3 (கடிதத்தைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வைத்திருப்பவர்களிடம் கவனம்: பல வருடக் கடிதம் அந்தக் கணினியில் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கலாம். அதை நகலெடுக்காமல் பழைய கணக்கை நீக்கக் கூடாது.

படங்கள் 403 (அனுமதி மறுப்பு) காட்டினால் ஹாட்லிங்க் பாதுகாப்பைப் பாருங்கள். "பழையகடை.காம் பக்கங்களில் மட்டும் படத்தைக் காட்டு" என்று முன்பு போட்ட விதி, இப்போது சொந்தத் தளத்தையே திருடனாகப் பார்க்கிறது.

பணம் செலுத்தியும் ஆர்டர் "நிலுவை" என்றே நின்றால், பணம் பெறும் சேவையின் பக்கத்தில் பதிந்திருக்கும் வெப்ஹுக் முகவரி (பணம் வந்ததைத் தளத்துக்குத் தானாகச் சொல்லும் இடம்) பழையது. அது போஸ்ட் முறையில் தகவல் அனுப்புகிறது. 301-ஐச் சந்தித்ததும் சில சேவைகள் பின்தொடர்வதே இல்லை, சில கெட் முறைக்கு மாறித் தகவலை வழியில் கொட்டிவிடும். ரீடைரக்ட் இருக்கிறதே என்று நம்பாமல் முகவரியையே மாற்ற வேண்டும். ரீகேப்சா சாவி, கூகுள் மேப் சாவியின் டொமைன் கட்டுப்பாடு, கூகுள் அல்லது பேஸ்புக் வழி உள்நுழைவின் திரும்பும் முகவரி, கட்டண பிளகின்களின் உரிமம், பழைய முகவரியை அழைக்கும் கிரான் வேலை, எஃப்டிபி யூசர்நேம் ஆகியவையும் இதே குடும்பம்.

புது டொமைனிலிருந்து அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழுவது பெரும்பாலும் டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) விட்டுப்போனதால். சிபேனலின் இமெயில் டெலிவரபிலிட்டி பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் புதுக்கடை.காமுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, டிமார்க் பதிவையும் (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது) சேர்க்க வேண்டும். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்தால் 2048 பிட் சாவி ஒரே சரத்தில் அடங்காது. ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் வரம்பு, பிரித்து எழுத வேண்டும். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது.

மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸிலோ வேறு வெளிச் சேவையிலோ இருக்கும் கணக்குகளில் நிலைமை வேறு. அங்கே வரும் தனிப் பிழை இது: வெளியுலகிலிருந்து எல்லா மெயிலும் ஒழுங்காக வருகிறது, தளத்தின் தொடர்புப் படிவமும் ஆர்டர் அறிவிப்பும் மட்டும் வருவதில்லை. மாற்றத்துக்குப் பின் சிபேனல் புது டொமைனை "இது என் சர்வரிலேயே உள்ள மெயில்" என்று கருதி, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்க்காமலேயே உள்ளே தேடி, "அப்படி ஒருவர் இல்லை" என்று கைவிடுகிறது. இமெயில் ரவுட்டிங் பக்கத்தில் ரிமோட் என்று மாற்றினால் தீர்ந்தது.

தமிழ் எழுத்து டொமைனுக்கு, அதாவது .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் போன்றவற்றுக்கு, மாறுபவர்கள் பேனலில் தமிழில் தட்டாமல் எக்ஸ்என் என்று தொடங்கும் மாற்று வடிவத்தைக் கொடுக்க வேண்டும். மெயிலுக்கு ஓர் ஆங்கில எழுத்து டொமைனைத் தனியே வைத்துக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறை.

தேடுபொறி

301 உறுதியான பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றக் கருவியைப் பயன்படுத்தலாம். பழையது, புதியது இரண்டின் உரிமையும் ஒரே கூகுள் கணக்கில் இருக்க வேண்டும். பழைய உரிமைச் சான்று ஜோனில் இருந்த டிஎக்ஸ்டி பதிவாக இருந்து, ஜோனோடு சேர்ந்து போயிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்; உரைக் கோப்பில் எடுத்த நகல் இப்போது உதவும். கருவியின் விளைவு 180 நாள் நீடிக்கும். ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். பழைய டொமைனை, தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுத்துவிடாதீர்கள்; தடுத்தால் கூகுளால் ரீடைரக்டையே படிக்க முடியாது.

பழைய டொமைன்

ஓராண்டு கழித்து, "இனி யாரும் பழைய பெயருக்கு வருவதில்லை, புதுப்பிக்க வேண்டாம்" என்று கணக்காளர் சொல்வார். தள வருகையைப் பார்த்து அதை முடிவு செய்யக் கூடாது. டாட் காம் டொமைன் காலாவதியானால் பதிவாளர் தரும் சலுகை நாட்கள், அதன் பின் 30 நாள் மீட்புக் காலம், பின் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் எல்லா முகவரியையும் பிடிக்கும் ஒரு மெயில் பாக்ஸ் திறந்தால், வங்கி, வரித் தளம், சப்ளையர் போர்ட்டல் என்று பழையகடை.காம் முகவரியோடு பதிவான ஒவ்வொரு இடத்திலும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்திப் பார்க்கலாம்.

கைவிடுவதற்கு முன், டொமைன் ஃபார்வர்டரை எடுத்துவிட்டு, பழையகடை.காமின் டிஃபால்ட் அட்ரஸைத் தனியாக ஒரு மெயில் பாக்ஸுக்குத் திருப்பி, ஆறு மாதம் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். அனுப்புநர் பட்டியலை எடுத்து ஒவ்வொரு சேவையிலும் முகவரியை மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எழுதும் சேவைகள் இந்த ஆறு மாதத்தில் சிக்காது. டொமைன் பதிவாளர், காப்பீடு, உரிமப் புதுப்பிப்பு ஆகிய மூன்றையும் பட்டியலில் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.